கூடத்தில் ஊறும் ஓடை

வெண்கரட்டு மலைநடைச் சங்கத்தின் தலைவரும் ஊரறிந்த வழக்கறிஞருமான தியோடர் குணசீலனின் வீட்டுக் கூடத்தில், மழை வெறித்த ஒரு காலை வேளையில், மெருகேற்றிய கறுப்புக் கிரானைட் தரையின் நடுவே, மலையேறும் காலணி ஒன்றின் அளவிலும் வடிவிலும் சதுப்பு நிலம் தோன்றியிருந்தது. அதில் பால் கலவாத தேநீரின் நிறத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீரின் மேல் பாசி மெத்தையிட்டிருந்தது. பாசியின் நடுவே அழுகண்ணிச் செடி ஒன்று தன் சிவந்த மயிர்களில் பசைத்துளிகளை ஏந்தியபடி கூடத்து ஈக்களுக்காகக் காத்திருந்தது. குதிகால் வளைவில், கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதில்லாத தவளை ஒன்று அமர்ந்து, வீட்டுக்காரர்கள் எப்போது தன் வீட்டைவிட்டுப் போவார்கள் என்று பார்ப்பதுபோல் பார்த்தது. வழக்கறிஞரின் மனைவி புளோரா பழைய துண்டொன்றைப் போட்டு அதை மூடிவிட்டு, குழாய் பழுதுபார்ப்பவருக்குத் தொலைபேசினாள்.

வந்தவர் முழந்தாளிட்டு, விரலை நனைத்து, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இது குழாய்த் தண்ணி இல்லீங்கம்மா."

"எப்படிச் சொல்றீங்க?"

"குழாய்த் தண்ணி இவ்வளவு சுத்தமா வராதுங்களே."

சிமென்ட் குழைத்துப் பூசிவிட்டுப் போனார். சிமென்ட் இறுகவில்லை; பாசி அதை மெல்ல விழுங்கிவிட்டு முன்னிலும் பச்சையாக எழுந்தது. அவ்விடத்தில் இருந்த கிரானைட் துண்டு எங்கே போயிற்று என்று அந்த வீட்டில் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஊருக்கு மேலே, பைன் காட்டின் மடியில் கிடக்கும் ஈரப்பள்ளத்தில், கோரைகளுக்கும் பாசிக்கும் நடுவே, அதே காலணி வடிவில் அது பளபளவென்று பதிந்து கிடப்பதைக் கண்டிருக்கலாம்.

ஈரப்பள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. காகிதக் கூழுக்காக அந்த மலைமுகட்டில் பைன் நட்டவர்கள், மரம் அழுகாதிருக்க வேண்டுமென்று பள்ளத்தின் குறுக்கே வாய்க்கால்களை வெட்டி அதன் ஈரத்தை வடித்துவிட்டார்கள். வடிந்து முடிந்தபின் பள்ளம் காய்ந்தது, பள்ளத்திலிருந்து பிறந்த ஓடை நின்றது, ஓடையை நம்பி மலைச்சரிவில் பூண்டும் பீன்ஸும் விளைவித்துவந்த கீழ்க்காடு என்னும் சிற்றூர், குடங்களை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்காகக் காத்திருக்கப் பழகியது. பின்னர் கீழ்க்காட்டுப் பெண்களே மேலே ஏறினார்கள். வாய்க்கால்களைக் கல்லாலும் மரத்துண்டுகளாலும் அடைத்தார்கள். பள்ளத்துக்குள் முளைத்திருந்த பைன் கன்றுகளைப் பிடுங்கினார்கள். சோலைக்குள் எஞ்சியிருந்த பாசியை ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்து, பூண்டுப்பல் ஊன்றுவதுபோல் விரலால் ஊன்றினார்கள். மழைக்காலம் வந்து மழைக்காலம் போயிற்று, பெண்களில் சிலர் பிள்ளை பெற்றார்கள், சிலர் கணவனை இழந்தார்கள், ஒருத்தி தேர்தல் முடிவை எதிர்த்து வழக்குப் போட்டு வாதாடி வென்று ஊராட்சி உறுப்பினர் ஆனாள், அதற்குப் பின்னும் இரண்டு மழைக்காலம் கழித்து, ஓடை ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் ஓடத் தொடங்கியது. ஓடியதைக் கண்டபிறகே அங்கே சதுப்புநிலக் காப்பகம் என்று பெயர்ப்பலகை வைக்கப்பட்டது. சீட்டுக் கொடுக்கும் சன்னல் கட்டப்பட்டது. பள்ளத்தின்மேல் மரப்பாதை போடப்பட்டது. ஒரு பைன் கன்றைக்கூடப் பிடுங்கியறியாத கைகள் நாடா வெட்டின.

நாடா வெட்டிய கைகளில் முதன்மையானது குணசீலனுடையது. அவருடைய சங்கம் அங்கே பெட்டி வேட்டை என்னும் விளையாட்டைத் தொடங்கியது. சிறு டப்பா ஒன்றைக் காட்டில் ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் வெளியிடுவார்கள். கைபேசி வழிகாட்ட, விளையாடுபவர்கள் நடந்து சென்று அதைக் கண்டுபிடித்து, உள்ளேயிருக்கும் தாளில் பெயரெழுதி, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடான அல்லது அதனினும் மேலான ஒரு பொருளை வைத்துவிட்டு வரவேண்டும். விளையாட்டில் குற்றமில்லை. பைன் மரத்தின் அடியில் வைத்தபோது அது நடைக்கு ஒரு நல்ல சாக்காகவே இருந்தது. ஆனால் சங்கத்தார் எளிதில் கிடைப்பதைக் கேவலமாகக் கருதுபவர்கள்; ஆகவே அவர்கள் டப்பாக்களை மரப்பாதையைவிட்டு விலக்கி, பள்ளத்தின் நடுவில், கோரைப் புதர்களுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். வேட்டைக்கு வந்தவர்கள் பாதையைவிட்டு இறங்கினார்கள். விரலால் ஊன்றிய பாசியைக் காலணியால் மிதித்தார்கள். மிதித்தவர்களின் வீடுகளில், மிதித்த ஒவ்வோர் அடிக்கும் ஓர் அடியாக, சதுப்பு தோன்றலாயிற்று. தன்னிடம் எடுக்கப்பட்டதற்குத் தானும் எடுத்துக்கொண்டது. தன்னிடம் வைக்கப்பட்டதற்குத் தானும் வைத்தது. விளையாட்டின் விதியைப் பள்ளம் படித்துக்கொண்டுவிட்டது, அவ்வளவே.

முதலில் எல்லாரும் மறைத்தார்கள். வங்கி மேலாளர் தம் மேசையடியில் ஊறியதன்மேல் குப்பைக்கூடையை வைத்தார். பள்ளித் தலைமையாசிரியை படுக்கையறையில் தோன்றிய மூன்று அடிகளின்மேல் கட்டிலை நகர்த்திப் போட்டாள். கட்டிலுக்கடியில் தவளைகள் கத்தியதால் அவளுடைய மாமியார் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், அதனால் தலைமையாசிரியை அந்த அடிகளைப் பற்றி எங்கும் புகார் செய்யவில்லை. ஆனால் ஈரத்தை எவ்வளவு நாள் மறைப்பது? கம்பளங்கள் நனைந்து வாசற்கொடிகளில் தொங்கியபோது, எந்த வீட்டுக்காரர் எத்தனை அடி இறங்கி மிதித்தவர் என்பது தெருவுக்கே தெரிந்துபோயிற்று. சில வாரம் வெட்கப்பட்டார்கள். வெட்கம் வெண்கரட்டில் அதிக நாள் தங்குவதில்லை.

பிள்ளைகள் தாண்டிக் குதிக்கப் பழகினார்கள். கடைத்தெருவில் காலணி வடிவ ரப்பர் மூடிகள் விற்பனைக்கு வந்தன, வலது காலுக்கும் இடது காலுக்கும் தனித்தனியாக. வாடகைக்கு விடுவோர் 'தடமில்லாத வீடு' என்று எழுதி ஒட்டினார்கள். அடுத்த பருவத்தில் அதைக் கிழித்துவிட்டு, 'தடமுள்ள வீடு' என்று எழுதி வாடகையை ஏற்றினார்கள். காரணம், விடுதிக்காரர் ஒருவர், தம் அறைகளில் ஊறிய சதுப்பைச் சுற்றி விளக்குப் போட்டு, படுக்கையருகே சொந்தச் சதுப்பு என்று விளம்பரம் செய்துவிட்டார். அதன்பிறகு தடமில்லாதவர்கள் தாழ்ந்துபோனார்கள். பெண் பார்க்க வந்த வீட்டார் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "உங்க வீட்ல ஒண்ணுகூட இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுக் காப்பியைப் பாதியில் வைத்தார்கள். மரப்பாதைக்கு வெளியே கால் வைக்காத நேர்மையாளர்கள் நேர்மையைக் கைவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு போய் மிதித்துவிட்டு வந்தார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வண்டி வண்டியாக ஆள்கள் வந்து, ஆளுக்கொரு தடம் வேண்டுமென்று, இரண்டு காலாலும் குதித்தார்கள். ஊர் திரும்பி, ஒன்பதாவது மாடியில் தம் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஊறும் சதுப்பைப் படமெடுத்து, விளையாட்டின் புதிய இலக்காக அதன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் பெருமையோடு பதிவேற்றினார்கள்.

இவ்வாறாக ஈரப்பள்ளம் தரையாகிக்கொண்டிருந்தது. கிரானைட், மொசைக், சிவப்புப் பூச்சுத் தரை, மரத்தைப்போல் நடிக்கும் பலகை, யாரோ ஒரு வங்கி ஊழியரின் நீலக் கம்பளம், கோலம் அச்சடித்த தாள் ஒட்டிய வெள்ளை ஓடு. தண்ணீருக்கு மேலே வர இடமில்லை. மேகம் இறங்கி வந்து, எங்கே அமர்வது என்று தெரியாமல், மெழுகிய தரையின்மேல் சற்று நேரம் நின்றுவிட்டுப் போயிற்று. காப்பக அலுவலர் கடப்பாறையோடு ஆட்களை அனுப்பிப் பார்த்தார். ஒரு துண்டும் அசையவில்லை. அசையாததைச் சுத்தமாகவாவது வைத்திருப்போம் என்று அவர் துடைப்பத்தோடு ஆளனுப்பினார். சதுப்பு நிலத்துக்குத் துடைப்பம் போட்டவர் என்று அவரை வரலாறு நினைவில் வைத்திருக்கட்டும்.

கீழ்க்காட்டில் ஓடையின் ஓசை முதலில் குறைந்தது. பிறகு ஓடை குறைந்தது. பூண்டு ஊன்றும் பருவத்தில், ஈரமான கல்வரிசை ஒன்றே ஓடை என்ற பெயரில் எஞ்சியது. ஊராட்சி உறுப்பினர் சிட்டம்மாள், வழக்குப் போட்டு வென்றவள் என்று முன்பு சொல்லப்பட்டவள், வெண்கரட்டில் கூட்டம் கூட்டச் செய்தாள். நகரமன்றக் கட்டடத்தில் கூடினார்கள். மேடையிலேயே நான்கு தடங்கள் ஊறிக்கொண்டிருந்ததால் நாற்காலிகளைக் கோணலாகப் போட்டிருந்தார்கள்.

குணசீலன் எழுந்தார். நீதிமன்றத்தில் பேசுவதைப் போலவே பேசினார்.

"உணர்ச்சிவசப்பட வேண்டாம். விதி என்ன? எடுத்தால், ஈடானதையோ மேலானதையோ வைக்க வேண்டும். இங்கே போனது பாசி. வந்தது கிரானைட். எது மேலானது என்று சந்தையில் கேட்டுப் பாருங்கள். என் கட்சிக்காரர்கள் பள்ளத்துக்கு நட்டம் விளைவிக்கவில்லை; சொல்லப்போனால் அதன் மதிப்பை உயர்த்தியிருக்கிறார்கள்."

கைதட்டினார்கள். படித்தவர்கள்தாம் முதலில் தட்டினார்கள். அதையும் குறித்துவைக்க வேண்டும்.

"வக்கீலய்யா, ஒரு சந்தேகம்" என்றாள் சிட்டம்மாள். "கிரானைட்டைப் பிழிஞ்சா தண்ணி வருமா?"

"அதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை, உறுப்பினரம்மா."

"சரிங்க. அப்போ தண்ணி இப்போ எங்க இருக்கு?"

"எங்கள் வீடுகளில்தான். மறுக்கவில்லையே. அதற்கு ஈடு கொடுத்துவிட்டோம்."

"வீட்ல இருக்குன்னு ஒத்துக்கிட்டீங்க. எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" சிட்டம்மாள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள், பின்னர் தன்னோடு வந்திருந்த ராக்குவைப் பார்த்தாள். "வா, போவோம்."

"இதுக்கா என்னை மூணு மைல் ஏத்திக் கூட்டியாந்தே?" என்றாள் ராக்கு. அவள் கீழ்க்காட்டிலேயே அதிகப் பூண்டு விளைவிப்பவள். பொறுமை அவளுடைய பயிரல்ல.

"குடத்தை எடுக்கணும்டி. அதுக்குத்தான் போறோம்."

மறுநாள் காலை, வெண்கரட்டு வீடுகளில் முதல் காப்பி கொதிக்கும் வேளையில், கீழ்க்காட்டுப் பெண்கள் குடங்களோடு தெருக்களில் பிரிந்தார்கள். கதவைத் தட்டினார்கள், திறந்ததும், வணக்கமும் சொல்லவில்லை, அனுமதியும் கேட்கவில்லை, தண்ணீர்த்துறையில் இறங்குவதுபோல் கூடத்துக்குள் இறங்கி, தடத்தின் அருகே குந்தி, அகப்பையால் மொள்ளத் தொடங்கினார்கள். அடியளவு ஊற்று குடத்தை நிறைக்க நேரமாகும். அவர்களுக்கு அவசரமில்லை. ஓடைக்கரையில் பேசுவதையெல்லாம் அங்கேயே பேசினார்கள்: எவள் மருமகள் எவளைத் திட்டினாள், பூண்டு என்ன விலை போகிறது, இந்த வீட்டுச் சன்னலுக்கு எதற்கு இத்தனை திரை.

"என்ன இது? யாரைக் கேட்டு உள்ளே வந்தீங்க?" என்று புளோரா கத்தினாள்.

"ஓடைக்குப் போறதுக்கு யாரம்மா கேட்டுட்டுப் போவாங்க?" என்றாள் சிட்டம்மாள், அகப்பையிலிருந்து கண்ணெடுக்காமல்.

"இது என் வீடு!"

"வீடு உங்களுதுதான். யாரு இல்லேன்னா? நாங்க சுவரையா மொண்டுக்கிட்டிருக்கோம்?"

ராக்கு அண்ணாந்து கூரையிலிருந்து தொங்கிய கண்ணாடி விளக்கைப் பார்த்தாள். "ஏம்மா, இந்த ஓடைக்கரையில மரம் ஒண்ணும் இல்லியே, இதைத்தான் தொங்கவிட்டிருக்கீங்களா? நிழல் கம்மியா இருக்கே."

காவல் ஆய்வாளரை அழைத்தார்கள். அவர் வந்தார்; சட்டப் புத்தகத்தில் கூடத்துக்குள் ஓடும் ஓடையைப் பற்றி ஏதுமில்லை என்றார்; ஓடை பொதுவா, கூடம் தனியாரா என்பதை மேலிடம்தான் தீர்மானிக்க வேண்டும் என்றார்; அதற்கு மேலும் ஏதோ சொல்லவந்தவர், தம் வீட்டிலும் இரண்டு தடங்கள் இருப்பதையும், அங்கேயும் இந்நேரம் யாராவது குந்தியிருக்கக்கூடும் என்பதையும் நினைத்துக்கொண்டு அவசரமாகக் கிளம்பினார். குணசீலன் கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டார். அன்று தடத்தில் ஊறிய தண்ணீர் மொள்ள ஆளில்லாமல் பெருகி, கூடத்தை நிறைத்து, அவருடைய சட்ட நூல்களின் கீழ்வரிசையை நனைத்து, வாசல் வழியே தானாகவே வெளியேறி, தெருவில் குடத்தோடு காத்திருந்த ராக்குவின் காலடியில் வந்து நின்றது. பூட்டு கழற்றப்பட்டது.

அன்றாடம் வந்தார்கள். விருந்தினர் வந்திருக்கும்போது வந்தார்கள். செபக்கூட்டம் நடக்கும்போது வந்தார்கள், செபம் முடியும்வரை தலைகுனிந்து மொண்டார்கள். வெண்கரட்டின் பெரிய மனிதர்களுக்கு, தங்கள் கூடத்தில் யாரும் தங்களை மதிக்காமல் வந்துபோவது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. பள்ளத்துக்கு அது எப்போதோ தெரிந்திருந்தது.

ஒரு காலை, சிட்டம்மாளின் அகப்பை கல்லைச் சுரண்டுவதுபோன்ற ஒலியைக் கேட்டுக்கொண்டே நின்றிருந்த புளோரா, சமையலறைக்குப் போய் மாவு பிசையும் பெரிய தாம்பாளத்தோடு திரும்பினாள். கூடத்தில் குந்தி, தடத்தின் இரு பக்கமும் கைகொடுத்து, பாசியும் செடியும் தவளையும் தண்ணீரும் சிதறாமல், அதை அப்படியே தூக்கித் தாம்பாளத்தில் வைத்தாள். அதைத் தூக்கக்கூடும் என்று அதுவரை எவருக்கும் தோன்றவில்லை, மூடத்தான் தோன்றியது.

"எடுத்துட்டுப் போங்க" என்றாள் கணவனிடம்.

"எங்கே?"

"எங்கிருந்து எடுத்தீங்களோ அங்கே. உங்க விளையாட்டோட விதிதானே? வெச்சுட்டு எடுங்க."

"புளோரா, நான் சங்கத் தலைவன். ஊர் பார்க்கத் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு—"

"பூசை செய்ற மாதிரி தூக்கிட்டுப் போங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

முதலில் அவர் வண்டியில் கொண்டுபோனார். முதல் வளைவிலேயே தாம்பாளம் வறண்டு, பாசி பழுத்து, தவளை இருக்கையின்மேல் ஏறி அவரைப் பார்த்தது. வீட்டு வாசலுக்குத் திரும்பியதும் தாம்பாளத்தில் மறுபடி தண்ணீர் ஊறியது; அங்கிருந்து நடந்தார். தாம்பாளத்தைத் தலைமேல் ஏந்தி, பைன் காட்டு வழியே, சருகு வழுக்கும் சரிவில், தாம் ஆயிரம் பேரை வழிநடத்திய பாதையில் தாமே மெல்ல மெல்ல ஏறினார். காலணியைக் கழற்றி, மரப்பாதையில் குப்புறப் படுத்து, கைபேசியைப் பிடித்துப் பிடித்துத் தம் கிரானைட் இருக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். தாம்பாளத்தை அதன்மேல் கவிழ்த்தார். கடப்பாறைக்கு அசையாத கல், அலமாரியிலிருந்து தட்டை எடுப்பதுபோல் அவர் கைக்கு வந்தது. பள்ளத்தில் அந்த ஓரடி அளவுக்குத் தண்ணீர் மேலே வந்து மூச்சு விட்டது.

அவருக்கு இன்னும் நாற்பத்தைந்து அடிகள் பாக்கியிருந்தன. அனைத்தையும் கூடத்திலிருந்து மட்டுமல்ல, அலுவலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் தனித்தனியே சுமந்தார். ஒருவர் ஒன்றுக்கு மேல் சுமந்தால் எல்லாமே வறண்டன. அவரைப் பார்த்து வங்கி மேலாளர் சுமந்தார், விடுதிக்காரர் அழுதுகொண்டே சுமந்தார், தலைமையாசிரியை தன் மூன்றில் இரண்டைச் சுமந்தாள். மூன்றாவதை, மாமியார் திரும்பிவர மாட்டார் என்று கடிதம் வந்தபிறகே கொடுத்தாள். மழைக்காலம் முடியுமுன் வெண்கரட்டின் தரைகள் ஒட்டுப்போட்ட துணியைப்போல் ஆயின; ஒருவர் வீட்டுக்கும் யாரும் கேட்காமல் வரவில்லை. மலைநடைச் சங்கம் தன் ஆண்டறிக்கையில் இதைத் தன் சேவை என்று எழுதிக்கொண்டது. எழுதிக்கொள்ளட்டும்.

ஓடை ஓடியது. ஆனால் முழுதாக ஓடவில்லை. கீழ்க்காட்டின் மேல்வரிசை வயல்கள்வரை வந்து, ராக்குவின் பூண்டை நனைத்து, அதற்குக் கீழே போகாமல் நின்றுவிட்டது. கீழ்வரிசை வயல்களில், சிட்டம்மாளின் வயலும் அதிலொன்று, ஊன்றிய பல் ஊன்றியபடி மண்ணுக்குள் காய்ந்தது. ஈரப்பள்ளத்தில் பாதி இன்னும் தரையாகவே கிடந்தது: வெள்ளை ஓடுகள், மரப்பலகைகள், கோலம் ஒட்டிய துண்டுகள். அவற்றுக்குரியவர்கள் வெண்கரட்டுக்காரர்கள் அல்லர்.

"மெட்ராசுக்காரங்க திருப்பிக் கொண்டாருவாங்கன்னு நினைக்கிறியா?" என்று ராக்கு கேட்டாள்.

"நீ கொண்டாருவியா, யாரும் வந்து கேக்காம இருந்தா?"

ராக்கு சற்று யோசித்தாள். "மாட்டேன்தான்."

கீழ்க்காட்டுப் பெண்கள் கைபேசியில் அந்த விளையாட்டை இறக்கிக்கொண்டார்கள். ஒன்பதாவது மாடிகளின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதில் வரிசை வரிசையாக இருந்தன, படத்தோடும் பெருமையோடும். சிட்டம்மாள் முதல் புள்ளியைத் தொட்டாள்; அது வழிகாட்டத் தொடங்கியது. மலையிறங்கும் பேருந்தில், அவர்கள் வெறுங்குடங்களை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தபோது, நடத்துநர் குடங்களுக்குச் சீட்டு வேண்டும் என்றார். திரும்பி வரும்போது வாங்கிக்கொள்கிறோம், அப்போதுதான் அவை நிறைந்திருக்கும் என்றாள் ராக்கு.

இதைப் படிப்பவர்களில், ஈரப்பள்ளத்துக்கு வந்து மரப்பாதையைவிட்டு இறங்கியவர் எவரேனும் இருக்கக்கூடும். இருந்தால், தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். மின்தூக்கி உங்கள் தளத்தில் நிற்கிறது. வருபவர்களிடம் தேநீர் வேண்டுமா என்று கேட்காதீர்கள், யார் நீங்கள் என்றும் கேட்காதீர்கள். அவர்கள் உங்களைப் பார்க்க வரவில்லை. சற்று விலகி நில்லுங்கள், தண்ணீர் அவர்களுடையது.